ராங்க் ஏறவே மாட்டேன் என்கிறது: புதிதாக ராங்க்டு ஆடுபவருக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வேலரன்ட்டை, ஐந்துக்கு ஐந்து பேர் துப்பாக்கிச் சண்டை போடுகிற அந்தக் கணினி விளையாட்டை, ஆறு மாதம் சும்மா விளையாடியவர். ஜெயித்தால் ராங்க் ஏறி, தோற்றால் இறங்குகிற ராங்க்டு பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கீழ்மட்ட ராங்க்குகளான அயர்ன் (இரும்பு) 3-க்கும் பிரான்ஸ் (வெண்கலம்) 1-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறார். தினமும் ஒரு மணி நேரம் எய்ம் (குறிபார்த்துச் சுடுகிற) பயிற்சி, பிறகு நான்கைந்து மேட்ச். "எய்ம் நன்றாகவே முன்னேறியிருக்கிறது, ராங்க் மட்டும் நகரவில்லை. டீமும் சரியாக அமைவதில்லை. சென்சிட்டிவிட்டியை (மவுஸ் வேகத்தை) மாற்றவா, ஏஜென்ட்டை (ஆடுகிற பாத்திரத்தை) மாற்றவா, இல்லை புது அக்கவுண்ட்டே தொடங்கிவிடவா?"

மூன்றும் வேண்டாம். அந்த ராங்க்குக்கு உங்கள் எய்ம் ஏற்கெனவே போதும். கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா, இப்போது வேலரன்ட் என்று பத்து வருடத்துக்கு மேலாக ராங்க்டு ஆடுகிறேன். நண்பர்கள் பலருடைய மேட்ச்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொடக்க ராங்க்கில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான்: எதனால் செத்தோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். "மிஸ் பண்ணிட்டேன்" என்பார்கள். வீடியோவை நிறுத்திப் பார்த்தால் குண்டு தவறியது கடைசி அரை நொடிச் சமாசாரம். தப்பு நடந்தது அதற்கும் ஐந்து நொடி முன்னால்.

அதற்குப் போவதற்கு முன், உங்களைப் படுத்துகிற அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம்.

ராங்க் கணக்கு சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பத் எலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இல் ஏற்றுக்கொண்டது. உலக அமைப்பான ஃபிடே 1970-இல். இரண்டு பேருக்கு நடுவே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் 100-க்கு 76 புள்ளி எடுப்பார், 400 வித்தியாசம் என்றால் 91 எடுப்பார் என்று எதிர்பார்ப்பது அந்தக் கணக்கு. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் எண் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். 1995-இல் மார்க் கிளிக்மன் இதில் இன்னொன்றைச் சேர்த்தார்: ஒருவருடைய எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற அளவு. புதியவரின் எண் எகிறிக் குதிப்பதும், நூற்றுக்கணக்கில் ஆடியவரின் எண் ஆமைபோல நகர்வதும் அதனால்தான். லிசெஸ் என்ற சதுரங்கத் தளம் அவருடைய முறையின் இரண்டாம் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. டோட்டா 2 விளையாட்டு 2023-இல் கிளிக்கோ என்கிற அவருடைய முறைக்கு மாறியது. வேலரன்ட்டில் திரையில் தெரிகிற ராங்க் வேறு, உள்ளே ஒளிந்திருக்கிற எம்எம்ஆர் என்ற திறமை எண் வேறு. ஜெயித்தால் 24 ஆர்ஆர் (ராங்க் புள்ளி) ஏறி, தோற்றால் 14 இறங்குகிறது என்று வந்தால், நீங்கள் நிற்கிற ராங்க்கைவிட உங்கள் எம்எம்ஆர் மேலே இருக்கிறது என்று அர்த்தம். தலைகீழாக வந்தால் தலைகீழ் அர்த்தம்.

இந்த முறைகள் எல்லாமே உங்களைப் பாதிக்குப் பாதி ஜெயிக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கின்றன. ஆகவே 50 சதவீத வெற்றி என்பது யாரோ உங்களைப் பிடித்து இழுப்பதன் அடையாளம் இல்லை. சரி, நீங்கள் முன்னேறி 55 சதவீதம் ஜெயிக்கிறவராகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 மேட்ச்சில் 55 வெற்றி, 45 தோல்வி. மிச்சம் 10 வெற்றி. ஒன்றுக்குச் சுமார் 20 ஆர்ஆர் என்றால் 200. ஒரு படிக்கு 100 ஆர்ஆர், ஆக இரண்டு படி. உண்மையாகவே முன்னேறியவருக்கே 100 மேட்ச்சில் இரண்டு படிதான்! தினம் நான்கைந்து மேட்ச் ஆடுகிற உங்களுக்கு அது மூன்று நான்கு வாரம். அதற்குள் 20 மேட்ச் கணக்கை வைத்துக்கொண்டு "ஒன்றும் மாறவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். 55 சதவீதக்காரர்கூட 20 மேட்ச் ஆடினால் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வருவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பாதிக்குப் பாதி ஜெயிக்கிற ஒருவர் 100 மேட்ச் ஆடும்போது எங்காவது ஓரிடத்தில் வரிசையாக ஐந்து தோல்வி வருவதற்கான வாய்ப்பு சுமார் 80 சதவீதம். அந்த ஐந்தாவது தோல்வியின்போது ஒருவர் மனத்தில் ஓடுகிற கதைகளைக் கேட்டால் சிரிப்பாக இருக்கும். என் மனத்திலும் ஓடியவைதான்.

டீம் பற்றி. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மேடை சில நாள் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கிறது. பாதியில் கிளம்பிப் போகிறவர், தன் டீமையே திட்டிக்கொண்டு ஆடுகிறவர் எல்லாம் வருவார்கள். எண்ணிப் பாருங்கள்: உங்களைத் தவிர அந்த மேட்ச்சில் ஒன்பது பேர். அதில் உங்கள் பக்கம் நாலு, எதிர்ப்பக்கம் ஐந்து. அந்த ஆள் நீங்களாக இல்லாதவரை, அவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்வதற்கே வாய்ப்பு சற்று அதிகம். எதிர்டீமில் ஒருவர் கிளம்பிப் போய் நமக்குச் சும்மா கிடைத்த வெற்றி ஏனோ நினைவில் நிற்பதில்லை.

இப்போது சாவுக்கு வருகிறேன். ஒரு மேட்ச்சை ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யுங்கள், அல்லது விளையாட்டிலேயே ரீப்ளே இருந்தால் அதைத் திறங்கள். முழு மேட்ச்சையும் பார்க்காதீர்கள். யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது, மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு சாவுக்கும் முந்தைய பத்து நொடி மட்டும். ஒரு நோட்டில் சாவுக்கு ஒரு வரி: அந்த நேரம் எனக்கு என்ன தெரிந்திருந்தது, நான் என்ன செய்துகொண்டிருந்தேன், நான் விழுந்தால் உடனே பழிவாங்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாரா.

ஒரு நண்பரின் மேட்ச்சைச் சொல்கிறேன். அசென்ட் மேப், தடுக்கிற பக்கம், எதிரிகள் குண்டு வைக்க வருகிற இடங்களில் ஒன்றான ஏ சைட்டில் தனியாக நிற்கிறார். அதற்கு வருகிற வழியான ஏ மெயினில் மூன்று பேர் ஓடிவருகிற சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்து ஒருவரை ஒரே குண்டில் வீழ்த்தினார். அருமையான ஷாட். சுவருக்குப் பின்னால் வந்தார், ஒரு நொடிகூட ஆகவில்லை, அதே இடத்தில் அதே உயரத்தில் மறுபடி எட்டினார். மிச்சமிருந்த இரண்டு பேரும் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்தது. "இரண்டாவது ஆளை மிஸ் பண்ணிட்டேன்டா" என்றார். வீடியோவை அவர் எட்டிய கணத்தில் நிறுத்தி, திரை மூலையில் இருக்கிற சிறு வரைபடமான மினிமேப்பைக் காட்டினேன். அவருடைய டீம்மேட் இருவர் சைட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்தார்கள், நாலு நொடி தூரத்தில். ஒருவரைக் கொன்ற கையோடு பின்வாங்கி ஜெனரேட்டர் பக்கம் ஒதுங்கியிருந்தால் எதிரிகள் சைட்டுக்குள் வரும்போது இவர்கள் மூன்று பேர், அவர்கள் இரண்டு பேர். அந்த நாலு நொடியை அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இதில் எய்ம் எங்கே வந்தது?

அந்த மேட்ச்சில் அவருக்கு மொத்தம் 17 சாவு. உட்கார்ந்து பிரித்தோம். அதே இடத்தில் மறுபடி எட்டியது ஐந்து. ரீலோட் செய்யும்போது மாட்டியது நாலு. டீம் ஒரு பக்கம் போக இவர் தனியாக இன்னொரு பக்கம் அலைந்தது மூன்று. இரண்டு, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாத சாவு. நேருக்கு நேர் நின்று சுட்டதில் எதிரி முந்தினான் என்று நியாயமாகச் சொல்லக்கூடியது மூன்றே மூன்று. இவரும் உங்களைப் போலத்தான், அந்த மூன்றைக் குறைக்கத் தினம் ஒரு மணி நேரம் உழைத்துக்கொண்டிருந்தார். மிச்சத்தில் தவிர்த்திருக்கக்கூடிய பன்னிரண்டையும் யாரும் தொடவே இல்லை.

ரீலோட் வெறும் பழக்க தோஷம். வேண்டல் என்கிற துப்பாக்கியில் 25 குண்டு. மூன்று சுட்டுவிட்டு மிச்சம் 22 இருக்கும்போதே விரல் தானாக ஆர் பட்டனுக்குப் போகிறது. முழுதாக இரண்டரை நொடி துப்பாக்கி கையில் இருந்தும் இல்லாத மாதிரி. இதை நிறுத்த எனக்கு ஒரு வாரம் ஆனது. முதல் இரண்டு நாள் ஆர் பட்டனை எட்டாத வேறோர் இடத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். அசட்டுத்தனமான வழி, ஆனால் பலித்தது.

எய்ம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த எய்ம் என்பதுதான் விஷயம். முழுக் கவசம் போட்ட ஒருவருக்கு உயிர் 100, கவசம் 50, ஆக 150. வேண்டலில் தலையில் ஒரு குண்டு 160. எவ்வளவு தூரமானாலும் அதே 160. அப்படியென்றால் தலை உயரத்தில் க்ராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கிற குறி) நின்றால் ஒரே க்ளிக்கில் கதை முடிகிறது. புதியவர்கள் ஓடும்போது க்ராஸ்ஹேரைத் தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள். எதிரி தெரிந்ததும் கண் பார்த்து மூளை கைக்குச் சொல்லவே 200 முதல் 250 மில்லிநொடி ஆகும், அதற்கு மேல் தரையிலிருந்து தலைக்கு ஏற்றவேண்டும், அது தாண்டிப் போய்விட்டால் திரும்பக் கொண்டுவரவேண்டும். க்ராஸ்ஹேர் முன்பே அங்கே இருந்தவருக்கு இந்த வேலை எதுவும் இல்லை. பார்ப்பவர்கள் அவருக்குக் கை வேகம் என்பார்கள். இதற்குத் தனிப் பயிற்சியே தேவையில்லை: ஆளில்லாத கஸ்டம் மேப்பில் பத்து நிமிடம் நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எங்கே தெரியும் என்று வைத்துப் பழகினால் போதும்.

கூடவே இரண்டு. சுடும்போது நில்லுங்கள், ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு உங்கள் பேச்சைக் கேட்காது. அடுத்தது, திருப்பத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு எட்டாதீர்கள். மூலையிலிருந்து தள்ளி நிற்பவர், மூலைக்கு நெருக்கமாக நிற்பவரை முதலில் பார்த்துவிடுவார். உங்கள் தோள் அவருக்குத் தெரிகிறது, அவர் உங்களுக்குத் தெரியவில்லை. "எங்கிருந்து சுட்டான்னே தெரியல" என்கிற சாவுகளில் நிறைய இந்த வகைதான்.

சென்சிட்டிவிட்டியை ஒரே ஒரு முறை சரிபாருங்கள். மவுஸின் டிபிஐயையும் (அதன் நுணுக்க அளவு) விளையாட்டின் சென்சிட்டிவிட்டியையும் பெருக்குங்கள். தொழில்முறை வேலரன்ட் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு இது 200-இலிருந்து 400-க்குள் வரும்; 800 டிபிஐயில் 0.35 என்றால் 280. உங்களுடையது ஆயிரத்தைத் தாண்டினால் இறக்குங்கள், அதன் பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள். வாரம் ஒருமுறை மாற்றுகிறவருக்கு எதுவும் கையில் படியாது. எய்ம் பயிற்சியைக் கால் மணி நேரமாகக் குறையுங்கள், மிச்ச முக்கால் மணி நேரத்தைச் சாவு நோட்டுக்குக் கொடுங்கள்.

ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்குகிற காசு விஷயத்தை அயர்னிலும் பிரான்ஸிலும் யாரும் மதிப்பதே இல்லை, அதனால் இதைக் கவனிக்கிறவருக்கு நிறைய ரவுண்ட் சும்மா கிடைக்கும். முதல் ரவுண்ட்டில் 800 கிரெடிட். எல்லாவற்றையும் செலவழித்துத் தோற்றீர்கள், கில் (எதிரியைக் கொன்றது) எதுவும் இல்லை என்றால் கைக்கு வருவது 1,900. இரண்டாவது ரவுண்ட்டில் ஒன்றும் வாங்காமல் தோற்றால் மேலும் 2,400. மூன்றாவதில் 4,300 இருக்கும். வேண்டல் 2,900, முழுக் கவசம் 1,000, ஆக 3,900. திறன்களுக்கும் 400 மிச்சம். மாறாக இரண்டாவது ரவுண்ட்டில் ஆசைப்பட்டு 1,600-க்கு ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்கித் தோற்றால் மிச்சம் 300, அதோடு 2,400 சேர்த்து 2,700. வேண்டலுக்கே 200 குறைகிறது. டீமில் மற்ற நாலு பேரும் முழு ஆயுதத்தோடு நிற்க, நீங்கள் மட்டும் அரைகுறையாக நிற்பீர்கள். ஐந்து பேரும் பேசிவைத்து ஒன்றாக வாங்கினால் அது ஒரு திட்டம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஒருவர் மட்டும் வாங்குவதுதான் வீண்.

ஏஜென்ட் மாற்றலாமா என்று கேட்டீர்கள். ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அவரை வேறு யாராவது எடுத்துவிட்டால் ஆட இன்னொருவர். அகலக் கால் வைக்கவேண்டாம். திறன்களை யோசித்துப் போடுகிறவரை உங்கள் கண் மினிமேப்புக்குப் போகாது; கை தானாகப் போட ஆரம்பித்த பிறகுதான் தலை ஆட்டத்தைப் பார்க்கும். டோட்டாவில் 120-க்கு மேற்பட்ட ஹீரோக்கள், லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 160-க்கு மேல். அங்கேயும் புதியவருக்கு என் பதில் இரண்டு மூன்று பேர் போதும் என்பதுதான்.

லீக் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே சாவு நோட்டோடு மினியன் (கொன்றால் தங்கம் தருகிற சிறு படைவீரர்) கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 15 மினியன் ஒரு கில்லுக்குச் சமமான தங்கம். பத்து நிமிடத்தில் 45 எடுக்கிறவர் 70 எடுக்கப் பழகினால், யாரோடும் மோதாமலே ஒன்றரை கில் முன்னால் நிற்பார். சண்டை விளையாட்டுகளில், உதாரணத்துக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல், புதியவர்கள் நீளமான காம்போவை (தொடர் அடிகளை) மனப்பாடம் செய்துகொண்டு வந்து, எதிரி தலைக்கு மேல் குதித்துக் குதித்து அடிப்பதைத் தடுக்கத் தெரியாமல் தோற்பார்கள். குதிப்பவரை ஒரே அடியில் கீழே தள்ளுகிற பட்டன் எது என்று தெரிந்துகொண்டால் முதல் சில ராங்க் அதிலேயே போய்விடும்.

பேச்சு. மைக்கில் சொல்லவேண்டியது எங்கே, எத்தனை பேர், எவ்வளவு அடி வாங்கியிருக்கிறார்கள். "ஏ மெயின், ரெண்டு பேர், ஜெட்டுக்கு 84" (ஜெட் ஓர் ஏஜென்ட், 84 அவர் வாங்கிய அடி) என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். செத்தவர் உயிரோடிருப்பவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தால் அவர் காலடிச் சத்தத்தைத் தவறவிடுவார். திட்டுகிறவரை முதல் வார்த்தையிலேயே ம்யூட் செய்யுங்கள். அவரிடமிருந்து வரக்கூடிய தகவலில் பெரும்பாலானது மேப்பில் குறி காட்டுகிற பிங்கிலேயே வந்துவிடும்.

தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு ராங்க்டு போதும். இதை உட்காருவதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தோற்ற பிறகு முடிவெடுக்கிற ஆள் வேறு ஆள், "கடைசியாக ஒன்று" என்பார். நான் ஓரிரவில் ஏழு மேட்ச் வரிசையாகத் தோற்றிருக்கிறேன். நோட்டில் முதல் இரண்டு மேட்ச்சுக்குத்தான் ஒழுங்கான வரிகள் இருந்தன. மற்ற ஐந்திலும் "ஓடினேன், செத்தேன்" என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

மானிட்டர்: 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிநொடி, 144-இல் 6.9. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், முடிந்தால் வாங்குங்கள். பிரான்ஸ் ராங்க்கிலிருந்து வெளியே வர அது அவசியமில்லை. வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுவது இன்னும் அவசரம். ஸ்மர்ஃப் (கீழ் ராங்க் அக்கவுண்ட்டில் வந்து ஆடுகிற தேர்ந்தவர்) வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை; செத்த பிறகு அவர் எங்கெல்லாம் நின்றார் என்று பார்த்து வையுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக அந்தப் புது அக்கவுண்ட். ராங்க்டு திறக்கவே லெவல் 20 வரை ஆடவேண்டும். பிறகு தொடக்க ராங்க்கை முடிவு செய்கிற ஐந்து பிளேஸ்மென்ட் மேட்ச். புது எண் என்பதால் தொடக்கத்தில் வேகமாக ஏறுவதுபோலத் தோன்றும், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். அந்த அக்கவுண்ட்டிலும் ஒருவரைக் கொன்ற கையோடு மறுபடி எட்டப்போவது நீங்கள்தானே. அந்த நேரத்தில், இப்போது இருக்கிற அக்கவுண்ட்டிலேயே பத்து மேட்ச்சைப் பதிவு செய்து நோட்டில் எழுதுங்கள். எட்டியது எத்தனை, ரீலோட் எத்தனை, தனியாக அலைந்தது எத்தனை என்று மூன்று எண்ணோடு திரும்ப வாருங்கள். எது பெரிதோ அதை மட்டும் முதல் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வோம்.